இரண்டு பெட்டிக்கு ஒரே வயிறு

ஏலக்காய்க்கும் அட்டைப்பூச்சிக்கும் பேர்போன எருமைக்கல் மேடு என்கிற மலையூர் வரைக்கும் வந்து தார் ரோடு மூச்சு வாங்கி நின்றுவிடும், அதற்கு மேலே பன்னிரண்டு மைல் வெறும் பாறையும் சேறும் ஓடைத் தண்ணீருமாகப் போகிற தடத்தில் ஏறத் துணிந்த வண்டிகள் மொத்தம் ஏழு, அந்த ஏழில் ஆறு ஜீப்பு, ஏழாவது ஒச்சப்பனுடைய பட்டாள லாரி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்த லாரியைப் பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்டபோது ஒச்சப்பன் எடுத்தான், அன்றைக்கு அவனுக்கு வயது இருபத்தெட்டு, இந்தக் கதை நடக்கும்போது ஐம்பத்து மூன்று.

அந்தத் தடத்தில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டியின் டூல்ஸ் பெட்டிக்கும் பூட்டு கிடையாது. நடுவழியில் வண்டி மக்கர் செய்தால், பக்கத்தில் நிற்கிற வண்டி யாருடையதானாலும் பெட்டியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை, எடுத்த இடத்தில் தன் பொருள் ஒன்றை, தலைத்துண்டோ தீப்பெட்டியோ மூக்குப்பொடி டப்பாவோ, அடையாளமாக வைத்துவிட்டுப் போனால் போதும். எடுத்ததைத் திருப்பி வைக்கிற அன்றைக்கு அடையாளத்தை எடுத்துக்கொள்ளலாம். இதனால் எந்த டிரைவரின் பெட்டியைத் திறந்தாலும் அவனுடைய சாமான் பாதியும் அடுத்தவர்களின் துண்டும் துணியும் பாதியுமாகக் கிடக்கும், எவன் பெட்டியில் அடையாளம் நிறையக் கிடக்கிறதோ அவனுக்கு மனிதர்கள் நிறைய என்று அர்த்தம்.

ஒச்சப்பனிடம் பெட்டியே இல்லை. அவன் சாமான்கள் ஒரு சாக்கில் கிடந்தன. இருபத்தைந்து வருஷத்தில் அவன் வண்டியில் ஊரே ஏறியிருக்கிறது, பிரசவ வலி எடுத்தவர்களும் ஏறினார்கள், பிணங்களும் ஏறின, ரேஷன் மூட்டையும் ஓட்டுப் பெட்டியும் மாப்பிள்ளை ஊர்வலமும் ஏறின, எல்லாம் பின்னால்தான், முன்னால் அவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது அந்தச் சாக்கு மட்டும். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அவன் ஒண்டிக்கட்டை. பெண் பார்க்கப் போன வருஷங்களில் மழை, மழை விட்ட வருஷங்களில் பெண் இல்லை, அப்புறம் கேட்பதற்கே யாரும் இல்லை.

ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில் சாக்கின் வாய் அவிழ்ந்து வீல் ஸ்பேனர் உருண்டு போய் பிரேக் மிதிக்குக் கீழே படுத்துக்கொண்டது. வண்டி பள்ளத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது. அதனால்தான் பெட்டி வாங்குகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னான். அது பாதி நிஜம். மீதிப் பாதி, பெட்டி இருந்தால் நாலு பேர் வந்து திறப்பார்கள் என்பது.

கீழே டவுனில் பழைய இரும்புக் கடையில், இருப்பதிலேயே மலிவான தகரப் பெட்டியைக் கேட்டான். கடைக்காரர் ஒரு பச்சைப் பெட்டியைக் காட்டிச் சொன்ன விலை, அதன் மூடிக்குக்கூடக் காணாது.

"இம்புட்டு மலிவா இருக்கே, என்ன குறை?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

"வெளியில ஒரு குறையும் இல்லண்ணே" என்றார் கடைக்காரர். உள்ளே என்ன என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில், டிரைவர் பக்கத்துச் சேசிஸின் மேலே அதற்கு இடம் பார்த்தான். சுண்ணாம்புக் கட்டியால் நாலு புள்ளி வைத்து, கை டிரில்லை நெஞ்சால் அழுத்திச் சுற்றிச் சுற்றி ஒரு பகல் முழுக்க நாலு ஓட்டை போட்டான். தகரம் இரும்பில் தட்டிச் சத்தம் போடாமல் இருக்கப் பழைய டியூபை வெட்டிக் கீழே மெத்தை கொடுத்தான், நாலு போல்ட்டை உள்ளிருந்து இறக்கி, கீழே வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து நட்டை முறுக்கினான். சாமான்களை அடுக்கினான். பெரியது கீழே, சின்னது மேலே, நடுவில் வந்து போகிறவர்கள் அடையாளம் வைப்பதற்கென்று ஒரு சாண் இடம் காலியாக விட்டான்.

ஒருத்தரும் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை, இரண்டு மாதம் வரவில்லை. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, அவனுடைய ஸ்பேனர்கள் எல்லாம் பட்டாள வண்டியின் அளவு, ஜீப்பு நட்டில் வைத்தால் கிணற்றில் போட்ட உலக்கை மாதிரி ஆடும். மலை முழுக்கத் தேடினாலும் அந்த அளவு வேறு எவனுக்கும் தேவைப்படாது.

மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, பெட்டியைத் திறந்தால் அடியில் எட்டு போல்ட்டின் தலை தெரிகிறது. நாலு அவன் போட்டது. மற்ற நாலும் கொஞ்சம் உள்தள்ளி, துருப்பிடித்து, வேறு யாரோ அவசரமாக முறுக்கினதுபோல் சாய்ந்து நின்றன. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான், கீழே நட்டு நாலுதான். எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

அந்த வாரமே பெரிய ரிங் ஸ்பேனரைக் காணோம். அது இருந்த இடத்தில், காலியாக விட்ட அந்த ஒரு சாண் இடத்தில், உள்ளங்கை அளவு பனையோலைப் பெட்டி ஒன்று, அதற்குள் ஒரு துண்டு கருப்பட்டி, சுற்றிலும் குங்குமம் மாதிரி சிவந்த மண் ஒரு சிட்டிகை. ஆறு ஜீப்பு டிரைவர்களிடமும் போய்க் கேட்டான். ஆறு பேரும் சிரித்தார்கள், "அந்த உலக்கைய வச்சு நாங்க என்னண்ணே செய்ய, நெல்லுக் குத்தவா?" என்றார்கள். ஒச்சப்பனும் சிரித்தான். இருபத்தைந்து வருஷத்தில் அவனிடம் ஒருவர் அடையாளம் வைத்திருக்கிறார், அது யாரானால் என்ன.

மூன்றாம் நாள் ஸ்பேனர் திரும்பி வந்துவிட்டது, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, அது பட்டாளத்திலிருந்து வந்த நாளில்கூட அவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை. ஆனால் ஓலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஸ்பேனரோடு கூட ஒரு கட்டிங் பிளேயரும் கிடந்தது, நீயும் ஏதாவது எடுத்துக்கொள் என்பதுபோல. தேவை இல்லாவிட்டாலும் ஒச்சப்பன் அதை எடுத்துக்கொண்டான், பதிலுக்குத் தன் சட்டைப்பையில் இருந்த சீப்பை வைத்தான். அவனுக்கு உச்சியில் முடி போய் ஆறேழு வருஷம், சீப்பு மட்டும் பழக்கத்துக்குக் கூடவே இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் பனி விலகினதும் ஒச்சப்பன் திறப்பான், சாயங்காலம் அந்தப் பக்கத்தில் யாரோ திறப்பார்கள், ஒருவர் திறக்கிற நேரத்தில் இன்னொருவர் திறந்ததில்லை. இவன் ஒரு கை ஏலக்காய் வைத்தால் அங்கிருந்து நாலு பனங்கிழங்கு, இவன் காட்டுத்தேன் வைத்தால் அங்கிருந்து கருவாடு, இவன் பாறைப்பாசி ஒரு துண்டு வைத்தால் அங்கிருந்து சங்குப்பூச்சி வாழ்ந்து காலி செய்த ஒரு கூடு. அந்த வைகாசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் லயத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கீழே டவுனுக்குப் போயிருப்பான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நாலாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தால், சுக்கு, மிளகு, கருப்பட்டி, காய்ந்த துளசி, நாலும் தனித்தனி முடிச்சு, ஒரு கறுப்புக் கம்பளி வேறு. மூன்று நாள் இவன் ஒன்றும் வைக்கவில்லை என்பதை வைத்து அங்கே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒச்சப்பன் வண்டிப் படியில் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுக்கை ஒரு கடி கடித்தான்.

இந்த விஷயம் ஊருக்குத் தெரிந்தது டீயால். டீக்கடை வேலுத்தாயிடம் கருப்பட்டியைக் கொடுத்து, இதில் ஒரு காப்பி போடு தாயி என்று கேட்டான், அந்த வாசனை கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, மாரியம்மன் கோயிலைத் தாண்டிப் போய் வார்டு மெம்பர் ராசாங்கத்தைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தது. எங்கே கிடைத்தது என்றார் மெம்பர். பெட்டியில் என்றான் ஒச்சப்பன். எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். எட்டு போல்ட்டை எண்ணினார்கள், கீழே படுத்து நாலு நட்டை எண்ணினார்கள், செம்மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த விலைக்குப் பெட்டி விற்றால் எங்கேயாவது ஒன்றைக் குறைத்துத்தானே ஆக வேண்டும் என்றாள் வேலுத்தாய், தகரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு பெட்டிக்கு ஒரே வயிறாகப் போட்டுவிட்டான் கம்பெனிக்காரன், ஒரு வாய் இங்கிட்டு, இன்னொரு வாய் அங்கிட்டு. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. இந்தக் காலத்தில் எந்தச் சாமான் முழுசாக வருகிறது என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். அந்தப் பக்கத்து வாயில் இருப்பவர் பட்டாள வண்டி வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மறுநாள் ராசாங்கம் ஒரு கடிதம் எழுதி வைத்தார், ஐயா தாங்கள் யார், எந்த ஊர், தங்கள் ஊரில் ஏலக்காய் என்ன விலை என்று. பதில் வந்தது, ஆனால் வெள்ளைத் தாளாக வந்தது, எழுத்தெல்லாம் பெட்டியின் அடியில் செத்த எறும்பு மாதிரி குவிந்து கிடந்தது. இங்கிருந்து போனதும் அப்படித்தான் போயிருக்கும். பன்னிரண்டு மைல் குலுக்கலில் மனிதனுக்கே எலும்பு கழலுகிறது, எழுத்து எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஊர் புரிந்துகொண்டது. தடத்துக்குத் தார் போட்டால் எழுத்து உதிராமல் போகும் என்று கலெக்டருக்கு ஒரு மனு போட்டார்கள். ஒச்சப்பன் வாரம் ஒருமுறை கிரீஸ் பிரஷ்ஷால் எழுத்துகளைக் கூட்டி அள்ளி வெளியே போடுவான், அவை விழுந்த இடத்தில் கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும்.

எழுத்து போகாவிட்டாலும் சாமான் போயிற்று. காலையில் பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. ஏலக்காய் போயிற்று, மிளகு போயிற்று, கோயில் விபூதி போயிற்று, அண்ணாச்சிக்கென்று சவர பிளேடும் பீடிக்கட்டும் போயின. அந்தப் பக்கத்திலும் வரிசை நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் கருப்பட்டி மூட்டையாக வந்தது, கருவாடு கட்டாக வந்தது, யாருக்கென்று தெரியாத முறுக்கும் முட்டாயும் வந்தன. செக்போஸ்ட்டு ஃபாரஸ்ட் கார்டு வந்து பனைப் பொருளுக்கு பாஸ் இருக்கிறதா என்று கேட்டார், ஒரு கருப்பட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். நாலு மாதத்தில் எருமைக்கல் மேட்டில் பிறந்த பிள்ளைகள் கருவாட்டு வாசனைக்குத்தான் அழுகையை நிறுத்தின.

ஒச்சப்பன் வைக்கிற ஒரு கை ஏலக்காய் மூட்டைகளுக்கடியில் நசுங்கிற்று. அவனுக்கென்று வருவது எது, ஊருக்கு வருவது எது என்று பிரிக்க முடியவில்லை. வண்டியைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள், அவனிடம் பேசியவர்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லண்ணே என்றுதான் பேசினார்கள்.

ஐப்பசி மாதம் டீக்கடை வாசலில் ஊர்க்கூட்டம் போட்டு, பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி ரேஷன் கடைக்குப் பக்கத்தில் மேடை கட்டி வைப்பது, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் கழற்றுவது, பூட்டுப் போட்டுச் சாவி மெம்பரிடம் இருப்பது என்று தீர்மானித்தார்கள். ஒச்சப்பனைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"பெட்டி உன்னோடதுதான் ஒச்சப்பா, யாரும் இல்லைங்கல" என்றார் ராசாங்கம். "ஆனா வயிறு ஊரோடது."

"வயிறு அவரோடதும்தானே மெம்பரே."

"எவரோடது?"

"அங்கிட்டு இருக்கிறவரோடது."

வேலுத்தாய் குறுக்கே வந்தாள். "ஏண்ணே, அந்த அண்ணாச்சிய நீ முன்னப்பின்னப் பாத்திருக்கியா? பேர் தெரியுமா? ஊர் தெரியுமா? என்னமோ கூடப் பொறந்தவரு மாதிரி பேசுற."

ஒச்சப்பன் அவளைப் பார்த்தான். "வைகாசில நான் மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன் தாயி. உனக்குத் தெரியுமா?"

வேலுத்தாய் கழுவின தம்ளரையே திரும்பக் கழுவினாள். கூட்டம் முடிந்தது. தீர்மானம் தீர்மானம்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல், பனி தரையில் படுத்திருக்கிற நேரத்தில், ஒச்சப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். மேலே ஏறியே பழகின அந்த வண்டி சமவெளியைப் பார்த்துத் திகைத்தது, நேர் ரோட்டில் ஓடத் தெரியாமல் இல்லாத வளைவுக்கெல்லாம் உடம்பை ஒடித்தது. வழியில் நின்ற லாரிக்காரர்களிடம் செம்மண்ணைக் காட்டிக் கேட்டான், ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இது தேரி மண்ணு, தெற்கே கடலுக்குப் பக்கத்தில் மணல் மலையாகக் குவிந்து கிடக்கும், போய்க்கொண்டே இரு என்றார். உசிலம்பட்டியில் சோறு தின்றான். கோவில்பட்டியில் இறங்கி, அங்கே எல்லாரும் வாங்குவதுபோல் கடலைமிட்டாய் வாங்கிப் பெட்டியில் வைக்கத் திறந்தால், உள்ளே ஏற்கெனவே ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் கிடந்தது, அதே ஊர் அச்சோடு. அங்கிருந்து இந்த ஊர் கிட்டத்தில்தான் இருக்கும்போல என்று சந்தோஷப்பட்டு, தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு இன்னும் வேகமாகப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை தேரிக்குள் நுழைந்தான். அங்கே தார் இல்லை, தடம் இல்லை, காற்று நேற்று போட்ட மேட்டை இன்றைக்குக் கலைத்து வேறு இடத்தில் போடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர எதுவும் அங்கே அசையாது. ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பனங்காட்டுக்கு நடுவில் ஒரு ஊரிலிருந்து மட்டும் ஏலக்காய் வாசனை வந்தது. பதநீரில் ஏலக்காய், மீன் குழம்பில் ஏலக்காய், ஆட்டுக்குப் போடுகிற தழையில்கூட ஏலக்காய். ஒச்சப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டே போய், கோடியில் முருங்கை மரம் நிற்கிற ஒரு வீட்டு வாசலில் நின்றான், காற்று கலைக்காத முற்றத்து மணலில் பட்டாள வண்டியின் டயர் தடம் அங்கேதான் முடிந்தது. பக்கத்து வீட்டில் ஓலை கிழித்துக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் என்கிறவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைத் தேடுதீய?"

"பட்டாள வண்டி வச்சிருக்கிற அண்ணாச்சி..."

"அண்ணாச்சியா? இங்க அந்த வண்டி வச்சிருக்கது சந்தனக்கனி ஒருத்திதான். பனையேறிகளுக்குத் தண்ணி டிரம் கொண்டு போவா. நீங்க யாரு, மலைக்காரி வீட்டுக்காரரா?"

"எந்த மலைக்காரி?"

"ஏலக்கா அனுப்புவாள்லா, அவதான்."

அது நான்தான் என்றான் ஒச்சப்பன். பொன்னுத்தங்கம் அவன் தலையைப் பார்த்தாள், வெயிலில் மின்னுகிற உச்சியைப் பார்த்தாள். "இந்தத் தலைக்குத்தான் சீப்பு வச்சிருந்தீயளாக்கும். அந்தச் சீப்பைப் பாத்துட்டுல்லா நாங்க பொம்பளைன்னு நெனச்சோம். சந்தனக்கனி நித்தம் அதுலதான் தலை சீவுவா." அப்புறம் அவள் குரல் இறங்கிற்று. "அவ முந்தாநாளு விடியக்காலம் கெளம்பிப் போயிட்டாளே. பெட்டியைக் கழட்டிக் கோயில் மண்டபத்துல வைக்கணும்னு ஊர்ல தீர்மானம் போட்டாவ. மலைக்காரியப் பாக்கப் போறேன்னு வண்டிய எடுத்துட்டு மலைக்கே போயிட்டா."

ஒச்சப்பன் மணலில் உட்கார்ந்தான்.

சந்தனக்கனியின் வீடு பூட்டாமல் கிடந்தது. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய். புருஷன் போய்ப் பதினாலு வருஷம் என்றும், பிள்ளை இல்லை என்றும், பேசுவாள் ஆனால் பதில் எதிர்பார்க்காமல் பேசுவாள் என்றும் பொன்னுத்தங்கம் சொன்னாள். அவள் வீட்டுத் தண்ணீரை அவள் தம்ளரில் குடித்துவிட்டு அவன் வண்டிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பன். நாலு விரலும் அழுந்தின அடையாளத்தோடு பன் விற்கிறவள் உலகத்தில் வேலுத்தாய் ஒருத்திதான். போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் வாசல் முருங்கையில் ஒரு பூங்கொத்து ஒடித்து வைத்தான். சாயங்காலம் அது இல்லை. அவளும் தெரிந்துகொண்டாள்.

தேரிக்காரர்கள் இதற்கும் ஆச்சரியப்படவில்லை. மலைக்காரி ஆம்பளையாக வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு, தண்ணீர் டிரம்களை அவன் வண்டியில் ஏற்றினார்கள். ஏறுகிற இடத்தையும் இறங்குகிற இடத்தையும் காட்டினார்கள். அவன் வண்டியும் அந்த மணலில், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் போயிற்று. மலையிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், பெட்டியில் எருமைக்கல் மேட்டு ஏலக்காய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவனுடைய இடத்தில் அவள் இருந்தாள், அவளுடைய இடத்தில் அவன் இருந்தான், இரண்டு ஊருக்கும் ஒரு குறையும் இல்லை. அவர்கள் இரண்டு பேர் மட்டும் முன்பு இருந்ததைவிட ஒரு மடங்கு அதிகமாகத் தனியாக இருந்தார்கள். முன்பாவது முகம் தெரியாத ஒருவர் எங்கேயோ இருந்தார், இப்போது ஒவ்வொரு நாளும் அவர் இல்லாத இடத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது.

அவன் கிளம்பத் தயாரானதைப் பார்த்துப் பொன்னுத்தங்கம் ஓலையைக் கீழே வைத்தாள்.

"நீங்க இப்ப கெளம்புவீய. அதே நேரத்துல அவளும் அங்கருந்து கெளம்புவா. அவ குணம் எனக்குத் தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் ஆயுசு முழுக்கக் கோவில்பட்டில முட்டாயி வாங்கிக்கிட்டே அலைய வேண்டியதுதான். ஒருத்தர் இருக்கணும், ஒருத்தர் போகணும் அண்ணாச்சி."

அது ஒச்சப்பனுக்கும் தெரிந்துதான் இருந்தது. எழுத்து போகாது. நீ இரு நான் வருகிறேன் என்பதை ஏலக்காயாலும் கருவாட்டாலும் எப்படிச் சொல்வது? நாலு நாள் யோசித்தான். நான் இங்கேயே இருக்கிறேன், அசையமாட்டேன், நீ உன் வீட்டுக்கு வா என்பதைச் சொல்ல ஒரு வழி இருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் தன் வண்டிச் சாவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். சாவியைக் கொடுத்துவிட்டவன் எங்கே போக முடியும்?

காலையில் திறந்தபோது அவன் சாவி அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில், கறுப்புக் கயிற்றில் கட்டிய இன்னொரு வண்டிச் சாவி.

அவளும் அதையே யோசித்திருக்கிறாள். அவளும் அசையமாட்டேன் என்கிறாள், நீ உன் வீட்டுக்கு வா என்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இரண்டு வண்டியும் ஒரே வயிற்றுக்குள் நின்றுவிட்டன. ஒச்சப்பன் அந்தச் சாவிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் அவனுக்கு ஒன்று தோன்றியது. இரண்டையும் அவனே எடுத்துக்கொண்டுவிட்டால்? அவளால் கிளம்ப முடியாது, மலையில் இருப்பாள், இவன் போய்ச் சேரலாம். இது அவளுக்குத் தோன்றுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சட்டென்று இடது கையை முழங்கை வரை உள்ளே விட்டான்.

உள்ளே ஒரு கை இருந்தது.

அவளுக்கும் அதே நேரத்தில்தான் தோன்றியிருக்கிறது. இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டு, சுட்டதுபோல் பின்வாங்கி, பின்வாங்கின இடத்திலேயே நின்று, அப்புறம் மெதுவாக, இருட்டில் படி தேடுகிற காலைப்போலத் தேடி வந்து, பிடித்துக்கொண்டன. காய்த்துப்போன கை. ஸ்டியரிங் பிடிக்கிற இடத்தில் அவனுக்கு எங்கே தடித்திருக்கிறதோ அங்கேயே அதற்கும் தடித்திருந்தது. மலைக்குளிர் புறங்கையில் இருந்தது, உள்ளங்கையில் இல்லை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு கை என்று அவன் யோசித்துப் பார்த்தான், பின்தொட்டியில் ஏற கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தான், அவர்கள் எல்லாரும் ஏறினவுடன் விட்டுவிட்டார்கள்.

வெயில் ஏறிற்று. பொன்னுத்தங்கம் பதநீர் கொண்டுவந்தாள், அவன் கை முழங்கை வரை பெட்டிக்குள் இருப்பதையும் அவன் முகத்தையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அவன் வாயில் ஊற்றினாள், தலைக்கு மேலே ஒரு ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனையேறிகள் வந்தார்கள், தண்ணீர் இன்றைக்கு வராது என்று தெரிந்துகொண்டு குடத்தோடு நடந்து போனார்கள். அங்கே மலையில் வேலுத்தாயும் எதுவும் கேட்டிருக்கமாட்டாள், டீயை ஆற்றிக் கொடுத்திருப்பாள். போய்ச் சேர வேண்டுமானால் கையை விட வேண்டும். விட்டால்தான் வண்டியை எடுக்க முடியும். நூற்றைம்பது மைல் அவனுக்கு ஒன்றும் பெரிய தூரம் இல்லை, இந்த ஒரு பிடியை விடுவதுதான் அவனால் ஆகவில்லை. நிழல் காலடிக்கு வந்தது, காலடியை விட்டு மறுபக்கம் போயிற்று, அவன் விடவில்லை.

விட்டது அந்தக் கைதான். முதலில் ஒரு சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தது. அப்புறம் கறுப்புக் கயிறு கட்டின இன்னொரு சாவியை அதன்மேல் வைத்தது. அப்புறம் அவன் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கி மூடி, மூடின கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்து, வெளியே போ என்று லேசாகத் தள்ளிவிட்டது.

ஒச்சப்பன் கையை வெளியே எடுத்தான். பெட்டியை மூடினான். பொன்னுத்தங்கத்திடம் போய்வருகிறேன் என்று சொன்னானா இல்லையா என்பது அவளுக்கு இன்றுவரை ஞாபகமில்லை. வலது கையால் இடது கையிலிருந்து தன் சாவியை மட்டும் உருவி வண்டியைக் கிளப்பினான், மற்றதை விடாமல் விரல்களைத் திரும்ப இறுக்கிக்கொண்டான், அந்த மூடின கையாலேயே கியரைத் தள்ளிக்கொண்டு, செம்மணல் பறக்க, வடமேற்கே போனான்.